ஓர் ஆய்வாளரின் கட்டுரைக் கணக்கைப் படிப்பது எப்படி: மலையகத்திலிருந்து மூலக்கூற்று உயிரியலுக்கு வருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன சித்திரை விடுமுறையில் பொகவந்தலாவையில் எங்கள் வீட்டுக்கு ஒரு தங்கச்சி வந்தாள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பட்டப்படிப்பை முடித்துவிட்டு, மூலக்கூற்று உயிரியலில் எம்.ஃபில் செய்ய மேற்பார்வையாளர் தேடிக்கொண்டிருந்தாள். கையில் கொப்பியிலிருந்து கிழித்த ஒரு தாள். அதில் மூன்று ஆய்வாளர்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் எண்: 31, 14, 9.

"அக்கா, இதுல 31 இருக்கவருக்கே எழுதட்டுமா?"

அந்த எண்கள் எச்-இன்டெக்ஸ், அதாவது ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று காட்டும் எண். மூன்று பேரைப் பற்றியும் அதற்கு மேல் அவள் எதையும் பார்த்திருக்கவில்லை. அதை அவளுடைய குறையாக நான் நினைக்கவில்லை. எங்கள் வீடுகளில் கெம்பஸ் வரை போன முதல் ஆள் நாங்கள்தான். ஆய்வுக் கட்டுரை என்றால் என்ன, அதை யார் எண்ணுகிறார்கள், எதற்காக எண்ணுகிறார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் பேசுகிற வீடுகளில் நாங்கள் வளரவில்லை. தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தந்தால்தான் உண்டு.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மூன்று பேரின் பதிவையும் முழுதாகப் படித்தோம். அப்போது செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று உயிரியல் துறையோ விவசாய பீடத்தின் உயிர்த்தொழில்நுட்ப நிலையமோ, ஹந்தானையில் உள்ள தேசிய அடிப்படை ஆய்வு நிறுவனமோ, தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்துத் தேயிலை ஆராய்ச்சி நிலையமோ, பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமோ, நீங்கள் எங்கே விண்ணப்பம் போட்டாலும் இது உதவும். வெளிநாட்டுக்கு எழுதுகிறவர்களுக்கும் இதே வேலைதான்.

சைட்டேஷன் என்று எல்லோரும் சொல்வதை இங்கே மேற்கோள் என்று எழுதுகிறேன். ஒரு கட்டுரையை இன்னொரு கட்டுரை தன் உசாத்துணைப் பட்டியலில் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். தேவையானவை ஒரு கணினியும் ஓர் எக்செல் தாளும்தான். கணினி இல்லையென்றால் போனும் கோடு போட்ட கொப்பியும் போதும். இதில் பெரும்பாலானவற்றைக் காசு கட்டாமலே பார்க்கலாம்.

முதல் படி: ஆள் யார் என்று உறுதி செய்தல்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். எத்தனை கிலோ கொழுந்து பறித்தாலும் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், பேர் விழுந்தால்தான் அது நம்முடைய நாள். நிறை குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம். பக்கத்து ஆளின் வரியில் விழுந்துவிட்டால் சம்பள நாளன்று போய் நின்று வாதாட வேண்டும். என் அம்மா அப்படிப் பலமுறை நின்றிருக்கிறார். ஆய்வுலகத்திலும் கணக்கு பேரில்தான் விழுகிறது. பேரைப் பார்த்துக் கணக்கை ஏற்றுவது இங்கே ஒரு கணினி நிரல். அதற்கு நம் முகம் தெரியாது.

தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயரை முதலெழுத்தாக முன்னால் வைத்துக்கொள்கிறோம். ஆய்விதழின் படிவத்திலோ முதற்பெயருக்கு ஒரு பெட்டி, கடைசிப் பெயருக்கு ஒரு பெட்டி. முதல் கட்டுரை அனுப்பும்போது நம் பெயரைக் கடைசிப் பெட்டியில் போடுவோம். அடுத்த கட்டுரையை வேறொருவர் அனுப்புவார், அவர் அப்பாவின் பெயரை அங்கே போட்டுவிடுவார். கல்யாணத்துக்குப் பிறகு சிலர் கணவரின் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். எழுத்துக்கூட்டல் இன்னொரு பிரச்சினை. 'தர்ஷினி' என்ற பெயரின் முதல் ஒலியையே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். மலையகத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் இருப்பவர்களை எல்லாத் தோட்டத்திலும் பார்க்கலாம். அந்தக் குழப்பம் அப்படியே கட்டுரைக்கும் வந்துசேரும்.

என் முதல் இரண்டு கட்டுரைகளில் என் பெயர் இரண்டு விதமாக அச்சானது. பல வருடம் ஒரு தரவுத்தளத்தில் நான் இரண்டு ஆளாக இருந்தேன், ஆளுக்கொரு கட்டுரையோடு. ஒரு புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தபோது அதில் ஒன்றுதான் கணக்கில் வந்தது. அந்த வலி இன்னும் இருப்பதால்தான் இந்தப் படியை முதலில் வைத்தேன்.

ஆகவே ஒருவரின் பதிவைத் திறக்கும் முன் அவர் பணிபுரியும் நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய்ப் பெயரையும் துறையையும் முன்பு இருந்த இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓர்கிட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2012-இல் தொடங்கிய அமைப்பு அது, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்க அடையாள எண் தருகிறது. பெயர் மாறினாலும் நாடு மாறினாலும் எண் மாறாது. எண் இல்லாதவர் என்றால், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்கொலரில் அவர் பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதத்திலும் தேடுங்கள். வருகிற ஒவ்வொரு கட்டுரையிலும் மூன்றைச் சரிபாருங்கள்: நிறுவனம், கூட எழுதியவர்கள், பேசுபொருள். மூன்றும் ஒட்டாத கட்டுரை வேறு ஆளுடையதாக இருக்கலாம். ஒரு முதலெழுத்தும் 'குமார்' என்ற பெயரும் உள்ளவரைத் தேடினால் இந்தியா முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கூகுள் ஸ்கொலர் சில சமயம் அவர்களில் ஒருவரின் கட்டுரையை இன்னொருவரின் கணக்கில் தானாகவே சேர்த்துவிடும்.

தங்கச்சியின் தாளில் 14 என்று இருந்தவருக்கு இப்படித்தான் இரண்டு பதிவுகள் கிடைத்தன. இரண்டையும் சேர்த்துத்தான் அந்தப் 14 வந்தது. 31 உள்ளவரின் பட்டியலில் மண்ணியல் பற்றிய இரண்டு கட்டுரைகள் தவறுதலாக ஒட்டிக்கொண்டிருந்தன.

இரண்டாம் படி: முழுப் பட்டியலைத் திரட்டுதல்

ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். கூகுள் ஸ்கொலர் 2004-இல் வந்தது. இணையத்தில் கிடைக்கும் ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், மதிப்பாய்வுக்கு முன் வெளியிடும் முன்வரைவு என எல்லாவற்றையும் அள்ளும். அதனால் எண் பெரும்பாலும் பெரிதாகத்தான் இருக்கும். ஸ்கோப்பஸ், வெப் ஒஃப் சயன்ஸ் என்ற சந்தாத் தரவுத்தளங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எண்ணும். ஸ்கோப்பஸின் ஆசிரியர் பக்கத்தைச் சந்தா இல்லாமலும் ஓரளவு பார்க்கலாம். பப்மெட் மருத்துவமும் உயிரியலும் சார்ந்த இலவசத் தரவுத்தளம். தாவர ஆய்வுகளில் எல்லாமே அதில் இருக்காது. ஓபன்அலெக்ஸ் 2022-இல் திறந்த இலவசத் தரவுத்தளம், இப்போது பலரும் பயன்படுத்துகிறார்கள்.

ஒரே ஆளுக்கு நான்கு இடத்தில் நான்கு எண் வந்தால் பதற வேண்டாம். ஒரே மூட்டைக் கொழுந்தை நான்கு தராசில் நிறுத்தது போலத்தான். எந்தத் தராசு என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள், அதுவே போதும். ஒருவரின் ஸ்கொலர் எண்ணை இன்னொருவரின் ஸ்கோப்பஸ் எண்ணோடு ஒப்பிடுவதுதான் தவறு. தங்கச்சியின் தாளில் அதுவும் நடந்திருந்தது. 31 ஸ்கொலரிலிருந்து எடுத்தது, 9 ஸ்கோப்பஸிலிருந்து. ஸ்கொலரில் பார்த்தால் அந்த 9 உள்ளவருக்கு 12.

இலங்கையில் வேலை செய்பவர்களைப் பார்க்கும்போது உள்ளூர் இதழ்களை விட்டுவிடாதீர்கள். தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஆய்விதழ் வெப் ஒஃப் சயன்ஸில் சேர்க்கப்பட்டது. பேராதனையிலிருந்து வரும் சிலோன் ஜர்னல் ஒஃப் சயன்ஸ், அங்கே விவசாயப் பட்டப்பின் நிறுவனம் வெளியிடும் ட்ரொபிக்கல் அக்ரிகல்ச்சரல் ரிசர்ச், தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பழைய டீ குவார்ட்டர்லி போன்றவற்றில் மலைநாட்டுப் பயிர்களைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத விஷயங்கள் உண்டு. பலவற்றை இலங்கை ஜர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். உள்ளூர் இதழ்கள் எல்லாம் பெரிய தரவுத்தளங்களில் இருக்கும் என்று எண்ண முடியாது. தேயிலை நோய் பற்றி இருபது வருடம் உழைத்த ஒருவரின் ஸ்கோப்பஸ் எண் சிறிதாகத் தெரிவதற்கு இதுவும் காரணமாகலாம்.

எக்செல் தாளில் நான் போடும் நிரல்கள்: வருடம், தலைப்பு, இதழ், டி.ஓ.ஐ. எண் (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளம்), பெயர் எத்தனையாவது இடத்தில், எந்த வகைக் கட்டுரை, மேற்கோள் எத்தனை, எங்கே எண்ணியது, எந்தத் தேதியில் எண்ணியது. கடைசி நிரலைப் பலர் விட்டுவிடுவார்கள். அதை விட்டால் ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

மூன்றாம் படி: பெயர் எந்த இடத்தில் இருக்கிறது

கணிதத்தில் ஆசிரியர் பெயர்களைப் பெரும்பாலும் அகரவரிசையில் போடுவார்கள். மூலக்கூற்று உயிரியலில் அந்த வழக்கம் இல்லை. முதல் பெயர் ஆய்வுகூடத்தில் நின்று வேலை செய்தவருடையது, பெரும்பாலும் மாணவர் அல்லது முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வு செய்பவர். கடைசிப் பெயர் ஆய்வுகூடத்தை நடத்துபவருடையது. நட்சத்திரக் குறியோ கடித உறை அடையாளமோ உள்ளவர் தொடர்புக்குரிய ஆசிரியர். அந்தக் கட்டுரைக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவருக்கு. நடுவில் இருப்பவர்களின் பங்கு பெரிதாகவும் இருக்கும், ஒரு மாதிரியை அனுப்பியதோடு முடிந்தும் இருக்கும். பெயர் வரிசையை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. இப்போது பல இதழ்கள் கட்டுரையின் முடிவில் யார் என்ன செய்தார் என்று 14 வகைப் பங்களிப்புகளில் பிரித்து எழுதச் சொல்கின்றன. அந்தப் பத்தியைக் கட்டாயம் வாசியுங்கள்.

மேற்பார்வையாளர் தேடுகிறவருக்கு இந்தப் படி தங்கம். ஒருவரின் பெயர் கடைசியில் இருக்கும் கட்டுரைகளை மட்டும் பிரித்தெடுங்கள். அவற்றின் முதல் பெயர்கள் யாருடையவை? வெவ்வேறு மாணவர்களா, ஒரே ஆளா? மாணவர் சேர்ந்து எத்தனை வருடத்தில் முதல் கட்டுரை வந்திருக்கிறது? ஆய்வேடு எழுதிய மாணவரின் பெயர் அந்த வேலையிலிருந்து வந்த கட்டுரையில் முதலில் இருக்கிறதா? இதற்கு நேரம் எடுக்கும். ஆய்வேட்டின் தலைப்பைப் பல்கலைக்கழக நூலகத்தில் தேடி, பிறகு கட்டுரையைத் தேடி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் நான்கு வருடம் ஒருவரின் கீழ் நிற்கப்போகிறோம். அரை நாள் செலவழிப்பதில் நட்டமில்லை.

9 உள்ளவரின் கட்டுரைகளை அப்படிப் பிரித்தபோது தங்கச்சி ஒன்றைக் கவனித்தாள். அவர் பெயர் கடைசியில் இருந்த ஏழு கட்டுரைகளில் ஆறுக்கு முதல் ஆசிரியர் ஒரு மாணவர், அதுவும் ஐந்து வெவ்வேறு மாணவர்கள். அவள் அதைக் கொப்பியில் இரண்டு தரம் அடிக்கோடிட்டாள்.

மீளாய்வுக் கட்டுரைகளையும் தனியாகப் பிரியுங்கள். பிறர் செய்த வேலைகளைத் தொகுத்துச் சொல்பவை அவை, அதனால் மேற்கோள் அதிகம் கிடைக்கும். அவற்றுக்கு மதிப்பு உண்டு, நல்ல மீளாய்வு எழுதுவது கடினமான வேலை. ஆனால் ஒருவரின் ஆய்வுகூடம் என்ன கண்டுபிடித்தது என்று பார்க்கும்போது அவற்றை அந்தக் கூட்டுத்தொகையில் சேர்க்கக் கூடாது.

நான்காம் படி: எண்களைப் புரிந்துகொள்ளுதல்

எச்-இன்டெக்ஸை 2005-இல் முன்மொழிந்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். கணக்கு எளிது. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் அதிகமானதிலிருந்து குறைவானது வரை அடுக்குங்கள். எட்டுக் கட்டுரைகள், அவற்றின் மேற்கோள்கள் 48, 21, 15, 9, 6, 5, 2, 0 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு 6 மேற்கோள். ஐந்தைவிடக் குறையவில்லை, சரி. ஆறாவதுக்கு 5 மேற்கோள். ஆறைவிடக் குறைவு, அங்கே நிற்கிறோம். எச்-இன்டெக்ஸ் 5.

இப்போது முதல் கட்டுரையின் 48-ஐ 4,800 ஆக்குங்கள். எச்-இன்டெக்ஸ் அதே 5 தான். உலகமே பயன்படுத்துகிற ஒரு வேலையைச் செய்தவரையும் சாதாரணமாக எழுதுகிறவரையும் இந்த எண் ஒன்றாகக் காட்டும். இன்னொரு குணம், அது கூடும், சாதாரணமாக இறங்காது. ஒருவர் பத்து வருடமாக ஒன்றும் எழுதாமல் இருந்தாலும் பழைய கட்டுரைகள் அதை மெல்ல ஏற்றிக்கொண்டிருக்கும். அதனால் வயது முக்கியம். ஹிர்ஷே அதே கட்டுரையில் எச்-இன்டெக்ஸை முதல் கட்டுரையிலிருந்து கடந்த வருடங்களால் வகுத்துப் பார்க்கச் சொன்னார். எங்கள் மூன்று பேரையும் வகுத்தோம். 31-க்கு 28 வருடம், ஏறத்தாழ 1.1. 14-க்கு 15 வருடம், 0.93. 9 உள்ளவருக்கு அதே தராசில், அதாவது ஸ்கொலரில், 12 என்று எடுத்தோம்; 6 வருடம், 2. தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த விகிதம் ஒரே கட்டுரையால்கூட ஆடிவிடும், அதையும் மனதில் வைக்க வேண்டும். ஆனாலும் தாளில் கடைசியில் இருந்தவர் முதலில் வந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

துறைக்குள் துறை வேறுபாடு இதைவிடப் பெரியது. புற்றுநோய் மரபணு ஆய்வில் உலகம் முழுவதும் எத்தனையோ ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. தேயிலையின் கொப்புள நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1946-இல் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த பூஞ்சை அது. இன்றும் ஆசியத் தேயிலைக்குத்தான் அந்த நோய். ஆகவே அதைப் பற்றி எழுதுபவர்களும் இலங்கை, இந்தியா, சீனா, ஜப்பான், இந்தோனேசியா போன்ற சில நாடுகளில்தான் இருப்பார்கள். ஒரு கொப்புள நோய்க் கட்டுரைக்கு 30 மேற்கோள் என்றால் அந்தத் துறையில் இருக்கிற பெரும்பாலோர் அதை வாசித்திருக்கலாம். புற்றுநோய்க் கட்டுரைக்கு 30 என்பது அப்படியில்லை. தங்கச்சியின் தாளில் 31 உள்ளவர் மனித நோய் மரபியல் ஆள். அவருடைய மேற்கோள்களில் பாதிக்கு மேல், நூற்றுக்கும் அதிகமானவர்கள் சேர்ந்து எழுதிய இரண்டு கூட்டாய்வுக் கட்டுரைகளிலிருந்து வந்தவை. அவற்றில் அவர் பெயர் நடுவில் எங்கோ இருந்தது. அவர் நல்ல ஆய்வாளர், அதில் சந்தேகமில்லை. ஆனால் தேயிலையில் வேலை செய்ய ஆசைப்படும் ஒருத்தி இந்த எண்ணை வைத்து அவரைத் தேர்ந்தெடுப்பதில் பொருள் இல்லை.

இந்த வேறுபாட்டைச் சரிசெய்யும் அளவுகளும் உண்டு. ஸ்கோப்பஸில் துறைக்கேற்பச் சீராக்கிய மேற்கோள் தாக்கம் என்று ஒரு விகிதம் இருக்கிறது. 1.00 என்றால் அதே துறையில் அதே காலத்தில் அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரி. பப்மெட்டில் உள்ள கட்டுரைகளுக்கு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஐசைட் கருவி இதேபோன்ற விகிதத்தை இலவசமாகக் கணக்கிட்டுத் தருகிறது. தாவர ஆய்வாளருக்கு அது பாதிப் படத்தைத்தான் காட்டும்.

சுய மேற்கோளைப் பற்றி ஒரு வார்த்தை. தன் முந்தைய வேலையைத் தானே குறிப்பிடுவது இயல்பு. தொடர்ச்சியாக ஒரே விஷயத்தில் வேலை செய்பவர் வேறென்ன செய்வார்? ஸ்கோப்பஸில் அவற்றை நீக்கிவிட்டுப் பார்க்க முடியும். நீக்கியதும் எண் பாதியாக விழுந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: மேற்கோள்களைத் திறந்து வாசித்தல்

மற்ற எல்லாப் படிகளையும் அவசரத்தில் குறைத்துச் செய்தாலும் இதை மட்டும் குறைக்காதீர்கள். யார், எதற்காக, எந்த வாக்கியத்தில் குறிப்பிட்டார் என்று தெரியாதவரை மேற்கோள் எண்ணிக்கை வெறும் எண்ணிக்கைதான்.

மூலக்கூற்று உயிரியலில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவை எவை என்று பார்த்தால் இது விளங்கும். விஞ்ஞான வரலாற்றிலேயே மிக அதிகமாகக் குறிப்பிடப்பட்ட கட்டுரை என்று பெயர் பெற்றது 1951-இல் லௌரியும் உடனாய்வாளர்களும் புரத அளவை அளக்க எழுதிய கட்டுரை. 3 லட்சத்துக்கு மேல் மேற்கோள்கள். புரதங்களை ஜெல்லில் பிரிக்கும் லேம்லியின் 1970 கட்டுரை, புரதம் அளக்கும் பிராட்ஃபோர்டின் 1976 கட்டுரை, டி.என்.ஏ.யைப் பல மடங்கு பெருக்கும் பீ.சி.ஆர். முறையின் முடிவுகளை ஒப்பிட்டுக் கணக்கிடும் லிவாக், ஷ்மிட்கென் இருவரின் 2001 கட்டுரை எல்லாமே செய்முறைகள்தான். புதிய மரபணு எதையும் அவை கண்டுபிடிக்கவில்லை. ஆனால் ஆய்வுகூடத்தில் தினமும் கைக்கு உதவுகின்றன. ஒருவரின் அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை செய்முறையா, கண்டுபிடிப்பா, தரவா என்று முதலில் பாருங்கள். மூன்றுக்கும் மதிப்பு உண்டு, மூன்றும் வேறு வேறு மதிப்பு. தேயிலையின் மரபணுத்தொகை வரைவுகள் 2017-இலும் 2018-இலும் வெளியாயின. தேயிலை மரபணுவைத் தொடுகிற பலரும் அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். அவை தரவு வகை.

பிறகு அந்தக் கட்டுரையைக் கூகுள் ஸ்கொலரில் திறந்து, மேற்கோள் எண்ணைத் தட்டுங்கள். குறிப்பிட்டவர்களின் பட்டியல் வரும். அதில் பத்துப் பன்னிரண்டை எடுங்கள். மேலே இருப்பவற்றை மட்டும் எடுக்காமல் பழையது, புதியது, நடுவில் என்று கலந்து எடுங்கள். ஒவ்வொன்றையும் திறந்து உங்கள் ஆய்வாளரின் பெயரைத் தேடி, அந்த வாக்கியத்தை வாசியுங்கள். கொப்பியில் நான் நான்கு கட்டம் போடுவேன்: முன்னுரையில் கூட்டத்தோடு கூட்டமாகக் குறிப்பிட்டது, செய்முறையையோ தரவையோ எடுத்துப் பயன்படுத்தியது, தன் முடிவோடு ஒப்பிட்டுப் பேசியது, மறுத்தது. முதல் கட்டத்தில் விழுவதுதான் எப்போதும் அதிகம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் எத்தனை விழுகிறது என்பதே உங்களுக்கு வேண்டியது. மறுப்பு வந்தால் பயப்படாதீர்கள். யாரோ மெனக்கெட்டு அந்த ஆய்வைத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த மறுப்புக்கு உங்கள் ஆய்வாளர் அடுத்த கட்டுரையில் என்ன பதில் எழுதினார் என்று தேடிப்பாருங்கள். அவரைப் பற்றி நிறையத் தெரியவரும்.

9 உள்ளவரின் முதல் கட்டுரைக்கு அன்று 43 மேற்கோள்கள். பன்னிரண்டைத் திறந்தோம். ஐந்து பேர் அவருடைய டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் முறையை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். தேயிலை இலையிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது லேசான காரியமில்லை. கொழுந்து பறிக்கும் விரல்களைக் கறுக்க வைக்கிறதே, அதே பொலிபீனோல்கள் இலையை அரைத்ததும் டி.என்.ஏ.யோடு ஒட்டிக்கொண்டு அதைப் பழுப்பாக்கிவிடும். பிறகு பீ.சி.ஆர். ஓடாது. உலகம் முழுக்கத் தாவர ஆய்வுகூடங்களில் புழங்குவது 1987-இல் டாயில் இணையர் எழுதிய, சிடேப் என்ற வேதிப்பொருளைக் கொண்டு டி.என்.ஏ. பிரிக்கும் முறை. அதைத் தேயிலைக்கேற்பத் திருத்துவதற்கு ஒவ்வொரு ஆய்வுகூடமும் பாடுபடும். இந்த ஆய்வாளர் தன் திருத்தத்தை ஒவ்வொரு அளவோடும் வெப்பநிலையோடும் தெளிவாக எழுதியிருந்தார். அஸ்ஸாமில் ஒருவர், சீனாவில் இருவர் அதைப் படித்து வேலையை முடித்திருக்கிறார்கள்.

"இவங்கள நேர்ல பார்க்காமலே அவங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்களே, அக்கா" என்றாள் தங்கச்சி. நான் சொல்ல நினைத்ததை அவளே சொல்லிவிட்டாள்.

காலத்தையும் பாருங்கள். ஸ்கொலரில் வருடவாரியாகப் பட்டை வரைபடம் இருக்கும். சில கட்டுரைகள் இரண்டு வருடம் பேசப்பட்டு அடங்கிவிடும். சில மெதுவாக ஏறும். மலைநாட்டில் கோப்பியை அழித்த இலைத்துரு 1869-இல் பதிவானது. அதை ஆராய 1880-இல் இங்கே வந்த மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளரின் வேலையைத் தாவர நோயியல்காரர்கள் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள். இரண்டு வருடக் கணக்கு எதிலும் அது அகப்படாது.

ஆறாம் படி: இதழையும் நம்பகத்தையும் சோதித்தல்

தாக்கக் காரணி என்பது இதழுக்கான எண், ஆளுக்கானது இல்லை. 2024-இன் தாக்கக் காரணி என்றால், அந்த இதழில் 2022-இலும் 2023-இலும் வந்தவற்றுக்கு 2024-இல் கிடைத்த மேற்கோள்களை அந்த இரண்டு வருடத்துக் கட்டுரை எண்ணிக்கையால் வகுத்தது. யூஜின் கார்ஃபீல்ட் இந்த யோசனையின் விதையை 1955-இல் போட்டார். ஒரு சில கட்டுரைகளே மேற்கோள்களில் பெரும்பகுதியைக் கொண்டுவருவதால், ஒரு கட்டுரை பெரிய இதழில் வந்தது என்பதை வைத்து அதன் தரத்தைச் சொல்ல முடியாது. ஆளை மதிப்பிட இந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்வாளர்களும் பதிப்பாளர்களும் டோரா பிரகடனத்தை எழுதினார்கள். ஆனாலும் இங்கே நேர்முகத் தேர்வில் இந்த எண்ணைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

போலி இதழ்களைப் பற்றி எச்சரிக்கை தேவை. புகழ்ந்து மின்னஞ்சல் வரும், மூன்று நாளில் மதிப்பாய்வு என்பார்கள், காசை மட்டும் உடனே கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி வீட்டில் கடன் வாங்கி அப்படிக் கட்டினான். கட்டுரை வந்தது, அந்த இதழ் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை. காசு கட்டும் முன் வெப் ஒஃப் சயன்ஸின் இதழ்ப் பட்டியல், ஸ்கோப்பஸ் பட்டியல், திறந்த அணுகல் இதழ்களின் டோஆஜ் பட்டியல் மூன்றிலும் தேடுங்கள். மூன்றும் இலவசம்.

படங்களையும் பாருங்கள். எலிசபெத் பிக்கும் உடனாய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 20,621 உயிர்மருத்துவக் கட்டுரைகளின் படங்களைக் கண்ணால் சோதித்தார்கள். 3.8 சதவீதத்தில் ஒரே படம் வேறு பெயரில் திரும்ப வந்திருந்தது போன்ற சிக்கல்கள் இருந்தன. வாபஸ் பெறப்பட்ட கட்டுரை என்றால் பப்மெட் மேலேயே அறிவிப்புப் போடும். வாபஸான கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வொட்ச் தரவுத்தளம் 2023-இலிருந்து, டி.ஓ.ஐ. எண்களைப் பதியும் குரொஸ்ரெஃப் அமைப்பு வழியாக எல்லோருக்கும் திறந்திருக்கிறது. வாபஸ் ஆனதும் மோசடி என்று முடிவு கட்டாதீர்கள். தன் பிழையைத் தானே கண்டு வாபஸ் வாங்கிய நேர்மையாளர்களும் உண்டு. அறிவிப்பில் காரணம் எழுதியிருக்கும்.

ஏழாம் படி: உங்கள் சொந்தக் கணக்கு

முதல் கட்டுரை அச்சாகும் முன்பே ஓர்கிட் எண் எடுங்கள். ஐந்து நிமிட வேலை. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் முடிவு செய்யுங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி இருந்தால் பின்னால் விசா, பட்டச் சான்றிதழ் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். அப்பாவின் பெயர் எந்தப் பெட்டியில், உங்கள் பெயர் எந்தப் பெட்டியில் என்று ஒரு தாளில் எழுதி, கட்டுரையை அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் அவர் கையில் கொடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். சேர் என்ன நினைப்பாரோ என்று நானும் தயங்கினேன். தயங்கியதன் விலையை மேலே சொல்லிவிட்டேன்.

நிறுவனத்தின் பெயரையும் ஒரே விதமாக எழுதுங்கள். டி.என்.ஏ. வரிசைத் தரவுகளை ஜென்பாங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பதிந்து, அந்த எண்ணைக் கட்டுரையில் போடுங்கள். செய்முறையை யாரும் திரும்பச் செய்யக்கூடியபடி எழுதுங்கள், எத்தனை மில்லிலீட்டர், எத்தனை நிமிடம் என்று. இதழ் அனுமதித்தால் பயோஆர்க்கைவ் என்ற இலவசத் தளத்தில் முன்வரைவைப் போடலாம். காசு கட்ட முடியாத வாசகரும் உங்கள் வேலையைப் படிப்பார். ஸ்கொலர் கணக்கில் கட்டுரைகள் தானாகச் சேரும் வசதியை நிறுத்திவிட்டு, உங்களைக் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்கோப்பஸில் இரண்டு ஆளாகப் பிரிந்திருந்தால் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்க அங்கேயே வழி இருக்கிறது.

எட்டாம் படி: எழுதிக் காட்டுதல்

திரட்டியதை விண்ணப்பத்தில் ஒரு பத்தியாக எழுதுங்கள். எண் மட்டும் போடாமல், அதன் பக்கத்தில் அது எதைக் காட்டுகிறது என்று ஒரு வாக்கியம் வேண்டும். மேலே எடுத்துக்கொண்ட எட்டுக் கட்டுரைக்காரர் இப்படி எழுதலாம்:

"இதுவரை எட்டு ஆய்வுக் கட்டுரைகள் வெளியாகியுள்ளன, நான்கில் முதல் ஆசிரியர். மொத்த மேற்கோள்கள் 106, எச்-இன்டெக்ஸ் 5 (கூகுள் ஸ்கொலர், 12 மே). அதிகம் குறிப்பிடப்பட்ட கட்டுரை தேயிலை இலையிலிருந்து டி.என்.ஏ. பிரிப்பது பற்றியது. அந்த முறையை வேறு ஆய்வுகூடங்கள் தம் வேலையில் பயன்படுத்தியுள்ளன. அவற்றில் மூன்றின் விவரம் இணைப்பில்."

மேற்பார்வையாளருக்கு எழுதும் கடிதத்திலும் இதே வழி. தங்கச்சி கடைசியில் இரண்டு பேருக்கு எழுதினாள், 9 உள்ளவருக்கும் 14 உள்ளவருக்கும். உங்கள் எச்-இன்டெக்ஸ் இத்தனை என்று எழுதவில்லை. 9 உள்ளவரிடம், பிரித்தெடுக்கும் முறையில் 65 பாகையில் வைக்கும் நேரத்தை ஏன் கூட்டினீர்கள், முற்றிய இலைக்கும் அது பொருந்துமா என்று கேட்டிருந்தாள். மூன்றாம் நாள் அவரிடமிருந்து பதில் வந்தது. முற்றிய இலையில் யாரும் இன்னும் சரியாகச் செய்து பார்க்கவில்லை, வந்து செய்து பார்க்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள்.